சுகிர்தத்தின் கைச்சூடு

தவிட்டுமட்டத்தில் எண்பத்து நாலு வீடுகள், ஒரு மாதா கெபி, ஒரு மாரியம்மன் கோயில், இத்தனைக்கும் பொதுவாக ஒரே ஒரு கார் இருந்த காலத்தில், அந்தக் கார் பனி விழுந்த காலைகளில் சில நாள் கிளம்பியது, சில நாள் கிளம்பவில்லை. எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. மூன்று கை மாறி நான்காவதாக எங்கள் தேயிலைத் தொழிலாளர் சங்கத்திடம் வந்து சேர்ந்த வெள்ளை டீசல் கார் அது. நெஞ்சுவலி என்றாலும் பிரசவ வலி என்றாலும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் பதினேழு கிலோமீட்டர் இறங்க அதை விட்டால் வேறு கதியில்லை. வெயில் ஏறிவிட்டால் தங்கமான வண்டி. உறைபனி விழுகிற மார்கழி, தை விடியலில்தான் அதன் குணம் மாறும். ஒரே பனி, ஒரே டீசல், சாவியைத் திருப்புகிற டிரைவர் சிங்காரமும் அதே சிங்காரம்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை முதல் சாவியிலேயே உறுமுகிற வண்டி புதன்கிழமை செத்த எருமையாகக் கிடக்கும். என்றைக்குமே கிளம்பாத வண்டி என்றால் தலைமுழுகிவிட்டு வேறு வழி பார்த்திருப்போம்.

நான் ஜெயக்கொடி. தோட்டத்து லயன் வரிசையில் சுகிர்தத்துக்கு அடுத்த வீடு, இரண்டு பேருக்கும் நடுவே ஒரே சுவர். அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமையுள்ளவர் இந்த ஊரில் இல்லை, என்னைவிடத் தகுதியில்லாதவரும் இல்லை.

வண்டியைப் பார்க்க டவுனிலிருந்து மெக்கானிக் மீரான் பாயை வரவழைத்தோம். பழைய டீசல் வண்டி என்றால் சுற்றுவட்டாரத்தில் அவர்தான். சங்க ஆபீஸில் கோரைப்பாய் விரித்துத் தங்கி, பதினோரு நாள் வண்டியை நோண்டினார். "ஒரு நாளைக்கு ஒண்ணைத்தான் மாத்துவேன். ரெண்டைச் சேத்து மாத்துனா எதுல குத்தம்னு கடைசி வரைக்கும் தெரியாது" என்றார். முதல் நாள் பேட்டரியைக் கழற்றி ராத்திரி முழுக்க அடுப்படியில் வைத்திருந்து மாட்டினார், அடுத்த நாள் நாலு ஹீட்டர் பிளக்கையும் புதிதாகப் போட்டார், அடுத்த நாள் டீசல் பில்டர், அதற்கடுத்த நாள் பம்பு, அப்புறம் எர்த் வயர். அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சி இஞ்சின் மேல் ஊற்றினோம், அது வழிகிற வழியிலேயே உறைந்தது. முப்பது ஆண்கள் பின்னாலிருந்து ரெண்டாம் கியரில் இறக்கத்தில் தள்ளிவிட்டார்கள், ஓடைவரைக்கும் ஊமையாக உருண்டு போனதைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். ஒவ்வொரு நாளும் என்ன மாற்றினார், வண்டி கிளம்பியதா இல்லையா என்று ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதினார் பாய். பன்னிரண்டாம் நாள் காலையில் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "வண்டிக்குள்ள குத்தம் இல்ல. வெளிய என்ன மாறுதுன்னு பாக்கணும்" என்று சொல்லி, ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்கு எதிரே கல்லில் உட்கார்ந்தார். மூன்று காலை அப்படியே உட்கார்ந்து யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்தார்.

மாறியது சுகிர்தம்தான். தேயிலை எடை போடுகிற கொட்டகைக்கு இட்லி சுமந்து போய் விற்பவள் அவள். புருஷன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன், போனவன் போனவன்தான். வயிற்றில் ஆறு மாதம். ஏற்றத்தில் முதுகு வலிக்கிற நாளில் ஷெட் பக்கம் ஒதுங்கி, இட்லிப் பாத்திரத்தை இறக்கி வைத்து, காரின் பானட்டில் வலது கையை ஊன்றி ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டுப் போவாள், விரல் மரத்தால் பனிக்குத்தான் என்று நினைத்துக்கொள்வாள். அந்த ரெண்டு நிமிஷத்துக்குள் சிங்காரம் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பியது. முதுகு வலிக்காத நாளில் கிளம்பவில்லை. அவ்வளவுதான் விஷயம். எங்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இருக்கவில்லை, ஏனென்றால் சுகிர்தத்தின் கைச்சூடு ஊரறிந்தது. பனிக்காலத்தில் எங்கள் மலையில் இட்லி மாவு ரெண்டு நாளானாலும் பொங்காது, அவள் கையை விட்டுக் கரைத்தால் விடிவதற்குள் சட்டியை விட்டு வழியும். வீட்டுக்கு வீடு அவளைக் கூப்பிட்டுக் கரைத்துக்கொள்வோம்.

மீரான் பாய் அவளைக் கூப்பிட்டு, "தங்கச்சி, கொஞ்சம் கை வையி" என்றார். வைத்தாள். பானட்டின் மேல் பனி அஞ்சு விரலாக உருகியது, சாவி திரும்பியது, வண்டி கிளம்பியது. கையை எடுத்தவள் தேள் கொட்டியது போல உதறினாள். உள்ளங்கை பச்சரிசி மாவாக வெளுத்திருந்தது. அன்று மத்தியானம் வரைக்கும் அடுப்பில் காட்டிப் பார்த்தாள். "சூடு ஏற மாட்டேங்குதே பாய்" என்று கையை அவரிடமே நீட்டினாள். மனுஷன் தொழிலில் நியாயமானவர். ஒரு கையை வைத்து முடிவு சொல்லக்கூடாது, எல்லாருடைய கையையும் பார்த்துவிடலாம் என்றார்.

மறுநாள் விடியலில் ஊரே வரிசையில் நின்றது. பாய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் முன்னே வந்து கை வைக்கும்போதும் ஒருமுறை சாவியைத் திருப்பினார். சங்கத் தலைவர் அருணகிரி முதல் ஆளாக வைத்தார், வண்டி கிளம்பவில்லை. சிங்காரம் வைத்தான், கிளம்பவில்லை. கோயில் பூசாரி, கெபி உபதேசியார், லயன் பெண்கள், ஒருவர் கைக்கும் கிளம்பவில்லை. என் முறை வந்தபோது சுகிர்தத்தின் வெளுத்த உள்ளங்கைதான் கண்ணில் நின்றது, என் கை பானட்டுக்கு மேலே ஒரு நூல் உயரத்தில் நின்றுவிட்டது, கீழே போகவில்லை. சீட்டிலிருந்து பார்த்தால் வைத்த மாதிரிதான் தெரியும். கிளம்பவில்லை என்று பாய் தலையாட்டினார், நான் நகர்ந்துகொண்டேன். அன்றைக்கு அப்படிச் செய்தது நான் ஒருத்தி மட்டும்தான் என்று ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பாய் சுவரில், 'சுகிர்தம் வைத்தால் ஆகும், மற்றவர் வைத்தால் ஆகாது' என்று எழுதிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு டவுனுக்குப் போனார்.

இது எப்படி நடக்கும் என்று தவிட்டுமட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை, காலையில் அவள் எத்தனை மணிக்கு வருவாள் என்றுதான் கேட்டோம். அவள் முதலில் மாட்டேன் என்றாள். தலைவர் அருணகிரி அவள் வீட்டுக்கே வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பேசினார்.

"உன் பிரசவத்துக்கும் இந்த வண்டிதானம்மா போகணும்? உனக்கு வலி வர்ற அன்னிக்கு வண்டி ரிப்பேருன்னு நின்னா, எட்டு பேரு தூக்கிக்கிட்டு எறங்குறதுக்குள்ள தாயும் புள்ளையும் என்னத்துக்கு ஆவீங்க? யோசிச்சுப் பாரு."

வயிற்றைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "பனி முடியிற வரைக்கும்தானே தலைவரே?"

"அதுக்கு மேல ஒரு நாள் கேட்டா என்னைச் செருப்பால அடி."

மறுநாளிலிருந்து ஷெட்டில் தொங்குகிற தண்டவாளத் துண்டைச் சிங்காரம் மூன்று தட்டுத் தட்டினால் சுகிர்தம் வரவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. முதல் வாரம் ஒரு நெஞ்சுவலி, ஒரு பாம்புக்கடி. கடவுள் சாட்சியாக அவள் கையால் ரெண்டு உயிர் பிழைத்தது. ரெண்டாம் வாரம் ஒரு கல்யாணம். மூன்றாம் வாரம் ரேஷன் கார்டில் பெயர் திருத்த ஒருவர், பல் பிடுங்க ஒருவர், கூட்டம் சேருமுன் நல்ல கறியாகப் பார்த்து வாங்க டவுனுக்குப் போகிற நாலு பேர். நானும் ஒருமுறை போனேன், ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததை வாங்கி வர. பூசாரி அம்மன் இறங்கியிருக்கிற கை என்று திருநீறு பூசினார், உபதேசியார் கர்த்தர் தொட்ட கை என்று ஜெபம் செய்தார், ரெண்டு பேரும் எட்ட நின்றுதான் செய்தார்கள். பொங்கல் விளையாட்டு விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோம், ஒரு பூனைகூட அதில் குளிர் காயாது. மகளிர் குழு சேர்ந்து அவளுக்குக் கம்பளி உறை பின்னிக் கொடுத்தது, இடது கைக்கு மட்டும். வலது கை வேலைக் கை, அதற்கு உறை போட்டால் மெனக்கெட்டுக் கழற்ற வேண்டும். சின்னப் பிள்ளைகள் கார் விளையாட்டு விளையாடினார்கள். ஒருத்தன் குனிந்து காராக நிற்பான், ஒருத்தி சுகிர்தமாக வந்து முதுகில் கை வைப்பாள், வைத்தவள் செத்து விழவேண்டும், அதுதான் ஆட்டம்.

குளிர் அவள் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, தை முடிவதற்குள் தோளுக்கு. அவள் கரைத்த மாவு பொங்கவில்லை. இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னோம், அப்புறம் வாங்குவதையும் நிறுத்தினோம். ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, வலது கைய வயித்துல வெச்சா புள்ள வெடுக்குனு நகந்துக்குதுக்கா. எந்நேரமும் இடது பக்கமே ஒண்டிக்கிட்டுக் கெடக்கு."

"அப்ப இடது கைய வையி" என்றேன். அதைவிட நல்ல யோசனை எனக்கு அப்போது தோன்றவில்லை.

மாசி மாதம், அந்த வருஷத்தின் கடைசிப் பனி விழுந்த காலையில் அவளுக்கு வலி எடுத்தது, நாள் தள்ளி அல்ல, நாளுக்கு முன்பே. நாங்கள் ஆறு பெண்கள் தாங்கிப் பிடித்து ஷெட்டுக்குக் கொண்டு போனோம். வண்டி கிளம்பவில்லை. ஊரே கூடி நின்றது, ஆளாளுக்குக் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு. அவள் எங்கள் எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு வேற யாராவது வெச்சுப் பாருங்களேன். எனக்கு நிக்க முடியல."

"வெச்சுப் பாத்ததுதானம்மா. உன் கைக்குத்தான் எடுக்குது" என்றார் தலைவர். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது. நானும் அழுதேன்.

வலது கையை வைத்தாள், போதவில்லை. உறையைக் கழற்றி இடது கையையும் வைத்தாள், செல்ஃப் சுற்றியதே தவிர இஞ்சின் பிடிக்கவில்லை. அப்புறம் வயிற்றை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு மார்பை, கன்னத்தை, எல்லாவற்றையும் பானட்டில் சாய்த்துப் படுத்தாள். வண்டி கிளம்பியது. எங்களில் சிலர் கைதட்டினார்கள்.

பையன். குருவிக் குஞ்சாக இருந்தான். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து அனுப்பும்போது, "வீட்டுல எந்நேரமும் மார்லயே போட்டு வெச்சுக்கம்மா, தாய்ச்சூடு படணும்" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து மார்பில் போட்டாள், பிள்ளையின் உதடு நீலமானது. துணி சுற்றிப் போட்டாள், அப்படியும் நீலமானது. ஓடிவந்து என்னிடம் கொடுத்தாள். நான் மார்போடு அணைத்தேன். ரெண்டு நிமிஷத்தில் எனக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அந்தப் பிள்ளைக்குள் இழுபடுவது தெரிந்தது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுப்பே மூட்டியிருக்கவில்லை.

சிங்காரத்துக்குத்தான் மனசு கேட்கவில்லை. மத்தியானம் டவுன் போய்த் திரும்பிய காரை நேரே லயன் வாசலுக்கு ஓட்டி வந்து, இஞ்சினை அணைக்காமல், பானட்டின் மேல் துண்டை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினான். கொஞ்ச நேரத்தில் உதடு சிவந்தது. கை காலை நீட்டி முறித்துக்கொண்டு தூங்கிவிட்டது. சுகிர்தம் மாசக்கணக்கில் சிரிக்காதவள், அன்று சிரித்தாள். "என் சூடுதானேக்கா அது? எங்கயும் போவல, அங்கதான் இருந்திருக்கு" என்றாள். அதன் பிறகு தினமும் மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரை கார் அவள் வாசலில் நிற்கும், ஆசீர் என்று பேர் வைத்த அந்தப் பிள்ளை பானட்டில் கிடக்கும், அவள் பக்கத்தில் முக்காலி போட்டு, தொடாமல், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் மாரில் பால்கூடச் சில்லென்றுதான் இறங்கியது. பீச்சிக் கொடுத்தால் சிங்காரம் ரேடியேட்டர் மேல் வைத்துச் சூடாக்கித் தருவான். பிள்ளை தேறியது. வைப்பரைப் பிடித்து உட்காரக் கற்றுக்கொண்டது. பத்தாவது மாதத்தில் ஒரு சின்ன அடுப்பாகக் கதகதப்பாக இருந்தது, பக்கத்தில் போனாலே தெரியும்.

மறுபடி மார்கழி வந்தது. தலைவர் செருப்படி பற்றிச் சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை. தண்டவாளம் மூன்று தட்டுத் தட்டியது, சுகிர்தம் வந்து கை வைத்தாள், வண்டி கிளம்பவில்லை. ரெண்டு கை, மார்பு, கன்னம், ஒன்றுக்கும் அசையவில்லை. நாலு நாள் பார்த்துவிட்டு மீரான் பாயை மறுபடி அழைத்தோம். அவர் பேட்டரி, பிளக், பில்டர் எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்த்து முடித்து, கடைசியாக அவள் கையை வாங்கித் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார்.

"வண்டில குத்தம் இல்ல. தங்கச்சிகிட்ட தீந்துபோச்சு" என்றார்.

அப்புறம், அந்தப் பிள்ளைக்கு இருக்கிறதே என்று ஒரு குரல் வந்தது. முதலில் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது, நான் இல்லை என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்குத் தலைவர் மகளுக்கு ஈரோட்டில் நிச்சயதார்த்தம், தட்டும் பூவும் பழமும் டிக்கியில் ஏற்றியாகிவிட்டது, பத்தரைக்குள் முகூர்த்தம். அவர் கல்கண்டு ஒன்றை ஆசீரின் வாயில் போட்டு, "ராஜால்ல, ஒரே ஒரு தரம், தாத்தாவுக்கு டாட்டா காட்டுற மாதிரி" என்று கொஞ்சிக்கொண்டே, சுகிர்தத்தின் இடுப்பிலிருந்த பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பானட்டை நோக்கிக் கொண்டு போனார். "வேணாம் தலைவரே" என்று அவள் பின்னால் சாய்ந்தாள். பாய் ஏற்கெனவே சீட்டில் இருந்தார், சாவியில் கை.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். பிள்ளையின் கையைக் கீழே இறக்குகிற தலைவரின் கை, பானட்டில் பட்டுவிடாமல் ஒரு நூல் உயரத்தில் தானாக நின்றது. அவ்வளவு பழக்கமாக, அவ்வளவு சுத்தமாக நின்றது. அவள் பிள்ளையின் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, மறு கையால் தலைவரின் கையைப் பிடித்து அழுத்தினாள். பனி அஞ்சு விரலாக உருகியது. ஒரே சாவியில் வண்டி கிளம்பியது. தலைவர் ஐயோ என்று அலறிய அலறல் எடைக் கொட்டகை வரை கேட்டதாம்.

சுகிர்தம் எங்கள் பக்கம் திரும்பினாள். பூசாரியைப் பார்த்தாள், உபதேசியாரைப் பார்த்தாள், கையை மடக்கிக்கொண்டு நின்ற ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

"எல்லாருக்கும் இருந்துச்சா?"

கடைசியாக என்னிடம் வந்தாள்.

"நீயுமாக்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மீரான் பாய் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, போன வருஷம் தான் சுவரில் எழுதியதைத் தன் துணியாலேயே துடைத்தார். "எண்பத்து நாலு வீடு. பனி அறுபது நாளு. வீட்டுக்கு ஒரு ஆளு, ஒரே ஒரு தரம் வெச்சிருந்தா போதும், ஒரு வருஷப் பனிக்கு அது மிச்சம். ஒரு தரம் வெச்சா ஒரு நகக்கண்ணு குளுரும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் நடந்தே இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். இனி சுகிர்தத்தைக் கூப்பிடுவது பாவம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். முறை போட்டுக்கொள்ளலாம் என்று சிங்காரம் எழுந்தான். எனக்குச் சர்க்கரை என்றார் ஒருவர், எனக்கு மூட்டுவலி என்றார் ஒருவர், என் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுகிற கை ஒன்றுதான் இருக்கிறது என்றாள் ஒருத்தி. மனுஷச் சூட்டை உறிஞ்சுகிற வண்டி ஊருக்கு ஆகாது, அதை விற்றுவிடுவதுதான் தர்மம் என்று தலைவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிச் சொன்னார். அத்தனை கையும் உயர்ந்தது. தவிட்டுமட்டத்தில் அவ்வளவு சீக்கிரம் முடிந்த கூட்டம் வேறு கிடையாது.

சுகிர்தம் வாசலில் நின்று, "விக்காதீங்க தலைவரே. என் சூடு அதுலதான் இருக்கு. இவனுக்கு வேற எடமில்ல" என்றாள்.

"உனக்காகத்தானம்மா விக்கிறோம்" என்றார் அவர்.

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு காய்கறிக்காரர் வந்தார். மத்தியான வெயில், வண்டி பேசாமல் கிளம்பியது. இஞ்சின் நல்லாத்தான் இருக்கு என்று பானட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். அவர் ஊரில் பனியே கிடையாது, அங்கே யாரும் எந்தக் கையையும் வைக்க வேண்டியதில்லை.

கார் வளைவில் மறைந்ததும் ஆசீர் அழ ஆரம்பித்தான். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை, ரெண்டு கையையும் ரோட்டுப் பக்கம் நீட்டி நீட்டி அழுதான். சுகிர்தம் பதறிப்போய்ப் பழக்கதோஷத்தில் இறுக்கி அணைத்தாள், உதடு நீலமானது, உடனே கையை நீட்டித் தூரமாகப் பிடித்தாள், அவன் இன்னும் அழுதான். என் வாசலுக்கு வந்தாள்.

"கொஞ்ச நேரம் வச்சுக்கக்கா. அழுகை நின்னதும் குடுத்துடு."

வாங்கினேன். பிள்ளையா அது, தணல். அவள் ஒரு பனிக்காலம் முழுக்கக் கொடுத்ததெல்லாம் அந்தச் சின்ன உடம்பில் இருந்தது. என் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அடங்கினான், வாரக்கணக்காக எலும்புக்குள் குத்திக்கொண்டிருந்த குளிர் என்னை விட்டு இறங்கிப் போனது. எனக்குப் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளையைத் தூக்கினால் இப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சுகிர்தம் ரெண்டு கையையும் நீட்டினாள்.

"உன் கை சில்லுனு இருக்குடி, புள்ளைக்கு ஆவாது. நாளைக்கு வா" என்றேன்.

மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். ஊர் என்ன சொன்னது என்கிறீர்களா, பிள்ளை நன்றாக இருந்தால் சரி என்றது. இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான், என்னை அம்மா என்கிறான். அவள் இன்னும் தினமும் காலையில் வந்து வாசலில் நிற்கிறாள். நான் கதவைத் திறப்பதில்லை, திறந்தால் குளிர் வருகிறது.